சுவரைப் பார்த்த சிவப்புக் கோடு

பெற்ற தாயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதைத்தான் கொதிப்பால் தாங்க முடியவில்லை.

கொதிப்பு என்பது அவருக்கு யாரும் ஆசையாக வைத்த பெயர் இல்லை. கிடார் ஆம்ப்ளிஃபயர்களைச் சரிபார்க்கும் அவருடைய கடையில், ஈயம் பற்றவைக்கும் கோலும் அவரும் ஒரே வேகத்தில் சூடேறுவதை பக்கத்துக் கடையில் சாவி போடுகிறவர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து தெருவே அப்படிக் கூப்பிடுகிறது. கோலாவது வேலை முடிந்தால் ஆறிவிடும்.

அன்று காலை கடையைத் திறந்து, மின்விசிறியைத் தட்டி ஓடவிட்டு, கோலைச் சூடேறப் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். குடும்பக் குழுவில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எழுதியிருந்தான்:

"மாமா சரி பண்ணிக் குடுத்த ஆம்ப் திரும்பவும் கரகரங்குது. மூணாவது தடவை. நாளைக்குக் கச்சேரி. வாடகைக்கு வேற ஒண்ணு எடுத்துக்கறேன். யாரும் கவலைப்பட வேணாம்."

கடைசியில் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சி ஒன்று. அதற்குக் கீழே ஒரு சித்தப்பா, "வெச்சு செஞ்சுட்டாரா?" என்று கேட்டிருந்தார். ஒரு பெரியம்மா, "அவர் ஃபேன் பாப்பாரா, கேட்டுச் சொல்லு" என்றிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, கொதிப்பின் சொந்த அம்மா ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அம்மா எதற்கும் அதைத்தான் அனுப்புவார். போன மாதம் ஒரு இழவுச் செய்திக்கும் அதே விரல்தான் போனது. ஆனால் நியாயம் பேசுகிற மனநிலையில் கொதிப்பு இல்லை.

"என்னப்பா, புகை வருது?" என்று சாவிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கோல்லேருந்து வருது."

"கோல் இன்னும் சூடாகவே இல்லையே."

கொதிப்பு கோலின் சுவிட்சை அணைத்தார். பையில் சாமான்களை அள்ளிப் போட்டார். மூன்றாவது தடவையாம்! வேலை சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லட்டும். சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம். குழுவில் எழுதிவிட்டு, கவலைப்பட வேண்டாம் என்று ஊருக்கு ஆறுதல் வேறா?

மச்சானுடைய ஆம்ப் பழைய ரகம். உள்ளே கண்ணாடி வால்வுகள் எரிந்தால்தான் அதற்குக் குரல் வரும். பின்பக்கம் திறந்திருக்கும்; அங்கே இரண்டு பெரிய வால்வுகள் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு கண்ணாடிக் குடுவையும் ஒரு கருப்பு அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும்; கட்டையிலிருந்து நீளும் பின்கள் மேலே சாக்கெட்டில் செருகியிருக்கும்; கீழே விழாமல் கட்டையை ஒரு கிளிப் கவ்வியிருக்கும். வருஷக்கணக்காகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு வால்வில் அந்த ஒட்டு பொடிந்து உதிர்ந்துவிட்டது. குடுவை பால்பல் மாதிரி ஆடியது. ஆடினால் போகட்டும், திரும்பினால்தான் வினை. கண்ணாடிக்குள்ளிருந்து வரும் மெல்லிய கம்பிகள் கட்டைக்குள் இறங்கித்தான் பின்களுக்குப் போகின்றன. குடுவை திரும்பினால் கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று தொடும்: கரகர. இன்னும் திரும்பினால் அறுந்து போகும்: குப்பைத் தொட்டி. அந்த ரக வால்வு இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

மச்சானுக்கோ நாளைய கச்சேரி சாதாரணக் கச்சேரி இல்லை. இத்தனை வருஷம் அடுத்தவர்கள் பாட்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவன், முதல்முறையாகத் தான் போட்ட மெட்டுகளைத் தன் பெயரில் வாசிக்கப் போகிறான். ஒவ்வொன்றும் அந்த ஆம்பின் முன்னால் உட்கார்ந்து, அதன் லேசாகத் தொண்டை கட்டிய குரலைக் கேட்டுக் கேட்டுப் போட்டவை. வாடகை ஆம்பில் வாசிக்கலாம்தான். அடுத்தவர் பல்செட்டைப் போட்டுக்கொண்டு பேசலாம் என்கிற மாதிரி.

இதெல்லாம் தெரிந்ததால்தான் கொதிப்பு அந்த வால்வைக் குழந்தை மாதிரி பார்த்து ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியதோடு விடவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மனைவியின் நகச்சாயத்தை எடுத்து, கண்ணாடியிலிருந்து கட்டை வரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். பிறகு யாராவது குடுவையைத் திருப்பினால் கோடு இரண்டாக முறிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆடாத வால்வுக்கும் ஒரு கோடு போட்டார், ஜோடிக்கு ஜோடி. "என் நகம் வெறுமையாக் கெடக்கு, உங்க வால்வுக்குத்தான் அலங்காரம்" என்று மனைவி சொல்லாத நாளில்லை.

இரண்டாவது தடவை ஆம்ப் வந்தபோதே கோடு முறிந்திருந்தது. அப்போது வாயைத் திறந்தாரா? இல்லை. வண்டியில் ஆடியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குடுவையைப் பழைய இடத்துக்கே திருப்பி, மறுபடி ஒட்டி, பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு போட்டு அனுப்பினார். பெருந்தன்மை! அதற்குக் கிடைத்த பரிசு கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சி.

மச்சான் வீடு மூன்றாவது மாடி. படியேறி வந்தவரை வாசலில் மனைவி நின்று வரவேற்றாள்.

"நீ எப்ப வந்தே?"

"குழுவுல மெசேஜ் பாத்ததும் கெளம்பிட்டேன். நெருப்பு வர்றதுக்கு முன்னாடி தண்ணி வண்டி வந்து நிக்கணும்ல?"

"நான் சண்டை போட வரலை."

"தெரியும். மூச்சு வாங்குது பாருங்க, அத விட்டுட்டுப் போடுங்க."

கூடத்தின் மூலையில் மச்சான் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். ஆம்ப் அவனையும் மூலைச் சுவரையும் பார்த்து நின்றது. கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் புகார் சொன்னதிலிருந்து அதன் முகம் அந்தப் பக்கம், முதுகு கூடத்துப் பக்கம். கொதிப்பைப் பார்த்ததும் பல் டாக்டரைப் பார்த்தவன் மாதிரி எழுந்தான்.

"வாங்க மாமா."

"வாடகை ஆம்ப் வந்துருச்சா?"

"சாயங்காலம் வரும்."

"வாசல்ல நிக்க வெச்சு மாலை போட்டுக் கூட்டிட்டு வரணுமே. நான் வேணா வாங்கிட்டு வரட்டுமா?"

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் உள்ளதத்தான் எழுதுனேன்."

"மாப்பிள்ளையா?" என்று சமையலறையிலிருந்து மாமியாரான அத்தையின் குரல் வந்தது. "டீ போடறேன். சர்க்கரை கம்மியாத்தானே?"

"சர்க்கரையே வேணாம் அத்தை. இன்னிக்கு எதைப் போட்டாலும் இனிக்காது."

ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு கம்பியை மீட்டிக் காட்டினான். குரலோடு சேர்ந்து யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி ஒரு கரகரப்பு. கொதிப்பு சுவிட்சை அணைத்துவிட்டு, பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். அடித்துப் பார்த்தவர் மறுபடியும் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். வழக்கில் ஜெயித்தவர்கள் தீர்ப்பை இரண்டு தடவை வாசிப்பார்களே, அப்படி.

"இங்க வா. இது என்ன?"

"வால்வு."

"அது மேல?"

"செவப்புக் கோடு."

"கண்ணாடியில இருக்கிற கோடு எங்க பாக்குது?"

"கூடத்தப் பாக்குது."

"கிளிப்புக்கு உள்ள, கட்டையில இருக்கே மீதிக் கோடு, அது?"

மச்சான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். "அது… சுவரப் பாக்குது."

"ரெண்டும் ஒரே கோடு! நான் போட்டது! நேரா! ஒருத்தன் திருப்பாம இது திரும்புமா? போன தடவையும் இப்படித்தான் வந்துது. சொந்தக்காரனாச்சேன்னு வாயை மூடிட்டு ஒட்டிக் குடுத்தேன். நீ குழுவுல போட்டு என் மானத்த வாங்கறே. எங்கம்மா விரலத் தூக்கிக் காட்டறாங்க!"

"உங்கம்மா எல்லாத்துக்கும்தான் விரலத் தூக்கறாங்க!"

"பேச்ச மாத்தாத. எதுக்குத் திருப்புன?"

இப்போது மச்சானுக்கும் ஏறிவிட்டது. அக்காவின் கணவர் என்பதற்காக எவ்வளவுதான் பொறுப்பது? "மாமா, நான் தொடறது முன்னாடி இருக்கிற குமிழ் மட்டும்தான். பின்னாடி கை வெச்சா தூக்கிப் போடும், எலும்புகூட மிஞ்சாதுன்னு பயமுறுத்தி வெச்சது யாரு? நீங்கதானே? நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. ஒட்டத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க!"

"ஒட்டத் தெரியலையா? எனக்கா?"

"பின்ன, எனக்கா?"

கொதிப்பு பையிலிருந்து துணியை எடுத்தார். சூடாக இருந்த குடுவையைத் துணியால் பிடித்து, மெதுவாக, இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று சேரும் வரை திருப்பினார். "இங்க இருக்கணும். இதான் நான் வெச்ச எடம். இப்ப வாசி."

ஆம்பைப் போட்டு, வால்வு எரிய ஆரம்பித்ததும் மச்சான் மீட்டினான். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. சுத்தமான, லேசாகத் தொண்டை கட்டிய, அவனுக்குப் பிடித்த அதே குரல். அவனே தன்னை மறந்து இரண்டு வரி வாசித்துவிட்டான்.

"கேட்டியா? என் வேலை சரியா இருக்கு. உன் வீட்டுலதான் எவனோ சரியில்ல. இதையும் குழுவுல எழுது. கண்ணீர் மூஞ்சி போட மறக்காத."

கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்த வால்வையே பார்த்தாள்.

மச்சான் ஆம்பை அணைத்தான். ஆனால் பேச்சு அணையவில்லை. கொதிப்பு சரிபார்த்த பிறகு காலிங்பெல் யார் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அடித்த கதை எழுந்தது. பதிலுக்கு, அக்கா கல்யாணத்தில் மச்சான் மைக்கைக் கீழே போட்டு உடைத்த கதை எழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் மூக்குக்கு ஒருவர் விரலை நீட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை டீயோடு வந்தார். தட்டை ஸ்டூலில் வைத்தார். சண்டை தன் வீட்டில் நடப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், தோளில் கிடந்த கரித்துணியை நாலாக மடித்தார். ஆம்பின் பின்னால் போய்க் குனிந்து, அணைத்து இன்னும் சூடு ஆறாத இரண்டு வால்வுகளையும் பளிச்சென்று துடைத்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி குனிந்து, கொதிப்பு திருப்பி வைத்த குடுவையைத் துணியால் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி, சிவப்புக் கோடு கூடத்தைப் பார்க்கும்படி ஒரு திருப்புத் திருப்பினார்.

நீட்டியிருந்த இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் அத்தையின் பக்கம் திரும்பின.

"அம்மா!" என்றான் மச்சான்.

"என்னடா?"

"அத்தை," என்றார் கொதிப்பு. "என்ன பண்றீங்க?"

"தொடைக்கறேன் மாப்பிள்ளை. சூட்டோட தொடைச்சாத்தான் அழுக்கு வரும், அடுப்பும் அப்படித்தானே? சுவிட்ச் அணைச்ச பிறகுதான் கை வைப்பேன், பயப்படாதீங்க."

"அது சரி. திருப்புனீங்களே?"

அத்தையின் முகம் மாறியது. ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

"நீங்களே கேட்டதால சொல்றேன். நீங்க அழகாத்தான் கோடு போடறீங்க, இல்லைங்கல. ஆனா ஒண்ணு கூடத்தப் பாத்து நிக்குது, இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டு சுவரப் பாக்குது. வர்றவங்க போறவங்க கண்ணுக்கு அதானே மொதல்ல தெரியுது? நான் நேராத் திருப்பி வெக்கறேன், நீங்க எடுத்துட்டுப் போயி மறுபடியும் சுவரப் பாக்க வெச்சு அனுப்பறீங்க. திரும்ப நேரா வெக்கறேன், இப்ப வந்து மறுபடியும் திருப்பறீங்க. எனக்கும் கோபம் வரும்ல? மாப்பிள்ளையாச்சே, ஒரு கோட்டுக்காகப் பேசக் கூடாதுன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தது தான் ஒருவர் மட்டும் இல்லை என்பது கொதிப்புக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிரே மச்சான் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கிடாரைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். மாமியாரைத் திட்ட முடியாது. மச்சானைத் திட்டக் காரணம் போய்விட்டது. கோபத்துக்குக் குடியிருக்க இடமில்லை.

வேலை சரி என்ற பெருமை ஒன்றுதான் மிச்சம்; அதையும் மனைவி காலி செய்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டா? நீங்க இப்ப சுலபமாத் திருப்புனீங்க. அம்மாவும் சுலபமாத் திருப்புனாங்க. ஒட்டுன பொருள் எப்படிங்க திரும்பும்?"

கொதிப்பு வால்வைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. துணி இல்லாமல் தொட முடியாத அளவுக்குச் சூடாகும் வால்வில், தான் போட்டது ஒரு சொட்டில் ஒட்டிக்கொள்ளும் அவசரப் பசை. ஆறியிருக்கும்போது கல். சூட்டில் பாகு. அவர் கடையில் சோதித்தபோதெல்லாம் ஆறிய வால்வைத்தான் அசைத்துப் பார்த்தார். அத்தையோ ஒவ்வொரு தடவையும் பாகாக இருக்கும்போது சரியாக வந்து திருப்பியிருக்கிறார்.

"எந்தப் பொருளையும் ஒட்டும்னு அட்டையில போட்டிருக்கான்!" என்று கடைசி முயற்சியாகப் பசைக்காரன் மேல் பாய்ந்தார். "அயோக்கியத்தனம் இல்ல இது?"

"எவ்வளவு சூட்டுல ஒட்டும்னு போட்டிருக்கானா?"

"…போட்டிருப்பான்."

"மாமா," என்று மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அதெல்லாம் போகட்டும். வால்வு உசுரோட இருக்கா?"

எல்லாரும் வால்வைப் பார்த்தார்கள். இத்தனை தடவை முறுக்கிய கம்பிகள். கொதிப்பு ஆறக் காத்திருந்து வால்வைக் கழற்றினார். கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல், கட்டையைப் பிடித்து. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்தார்கள். கோலைச் சூடேற்றி, ஒவ்வொரு பின்னின் நுனியிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தார். கட்டை தனியாகக் கழன்று வந்தது. உள்ளே மெல்லிய கம்பிகள் சீவாத தலை மாதிரி பின்னிக் கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு திருப்பு திருப்பியிருந்தா போயிருக்கும்," என்றார் கொதிப்பு. யார் திருப்பு என்று சொல்லவில்லை. திருப்பினவர்களில் கடைசிக்கு முந்தியவர் அவர்தான்.

"நான் ஒரு கோட்டுக்காக…" என்று அத்தை ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, பசை புடிச்சிருந்தா நீங்க மல்லுக்கு நின்னாலும் திருப்பியிருக்க முடியாது. வெளக்கக் கொஞ்சம் இப்படிப் புடிங்க. அழுதா வெளிச்சம் ஆடுது."

கம்பிகளைப் பிரித்தார். தொங்கிய கம்பிக்கு மயிரிழைச் செம்புக் கம்பி ஒன்றைத் துணை வைத்துப் பற்றவைத்தார். ஒவ்வொன்றுக்கும் சட்டை மாதிரி உறை மாட்டினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். எதுவும் எதையும் தொடவில்லை, எதுவும் அறவில்லை. பிறகு பையின் அடியிலிருந்து அடுப்புப் பர்னருக்குப் போடும், சூடு தாங்கும் சாம்பல் நிறப் பசையை எடுத்தார். அது முதலிலிருந்தே அந்தப் பைக்குள்தான் கிடந்தது. இறுக நேரம் பிடிக்கும் என்றுதான் தொடவில்லை. இப்போது கம்பிகளைப் பின்களில் கோத்து ஈயம் வைத்து, அந்தப் பசையால் குடுவையைக் கட்டையில் ஒட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அசையாம நேரா நிக்கணும்," என்றார். "நிக்க வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அத்தை ஒரு டம்ளர் நிறைய அரிசி கொண்டுவந்து, குடுவையின் தலையை அதில் புதைத்து வைத்தார். வால்வு அத்தனை அழகாக நின்றது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கொதிப்புக்கு வந்த கோபம்தான் அன்றைக்கு அவருக்கு வந்ததிலேயே நியாயமானது.

மனைவி கைப்பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்து நீட்டினாள். கொதிப்பு பின்களையும் சாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்து, எந்தப் பக்கம் கூடத்தைப் பார்க்கும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்தில் கோடு இழுத்தார்.

"இப்ப இதுவும் கூடத்தப் பாக்கும் அத்தை. தொடைங்க. திருப்ப மட்டும் வேணாம்."

"நேரா இருந்தா நான் எதுக்குத் திருப்பறேன்?"

மச்சான் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மாமா, வாடகை ஆம்ப வேணாம்னு சொல்லிடட்டுமா?"

நியாயமாக இதைத்தான் காலையிலிருந்து அவர் கேட்க நினைத்தார். இப்போது கேட்டதும் தைரியம் வரவில்லை. "சொல்லாத. வந்து மேடைக்குப் பின்னாடி நிக்கட்டும்," என்றார். டம்ளரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "இல்ல… சொல்லிடு."

மறுநாள் சாயங்காலம் அரங்கில் கொதிப்பு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஆம்ப் பளிச்சென்று நின்றது. முதுகைப் பார்க்க முடியாதது அத்தைக்குக் குறை. விளக்குகள் மங்கின. மச்சான் முதல் மெட்டை எடுத்தான். அந்தத் தொண்டை கட்டிய குரல் மெல்ல எழுந்து அரங்கை நிறைத்தது. பக்கத்தில் எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். கொதிப்பு பாட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளைக் கேட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியாக.

சுத்தம். சுத்தம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுத்தம்.

மெட்டு உச்சிக்குப் போய், ஒரே ஒரு கம்பியின் ஓசையில் மெலிந்து நின்றபோது அது கேட்டது.

கரகர.

கொதிப்பு பாதி எழுந்தே விட்டார். பசை, கம்பி, அரிசி, எல்லாம் கண்முன்னால் ஓடியது. மறுபடி, கரகர. மேடையிலிருந்து இல்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து.

மெதுவாகத் திரும்பினார். அத்தை மடியில் வைத்து, சத்தம் வரக்கூடாதே என்று ரொம்ப ஜாக்கிரதையாக, ரொம்ப மெதுவாக, ஒரு மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது!" என்று பல்லுக்கிடையில் சீறினார். "உசுரே போயிடுச்சு!"

"உங்களுக்குத்தான் மாப்பிள்ளை," என்று அத்தை கிசுகிசுத்தார். "நேத்து சர்க்கரை இல்லாம குடிச்சீங்களே."

அநியாயம். முழு அநியாயம். கோபப்படக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது இந்தக் குடும்பத்தில். கொதிப்பு மிட்டாயைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த இடைவெளிக்குக் காதைத் தீட்டினார்.